கடைசி வரிசை

மிக்லே என்றால் எங்கள் மொழியில் மூடுபனி.
இந்தப் பெயரை வைத்துக்கொண்டு
கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன்.
கௌனஸ் நகரத்தின் கேலி அத்தனையும்
எனக்குப் பழகிவிட்டது.

நாள் முழுக்க ஒரே கேள்வி:
முதலாவது தெளிவா, இரண்டாவது தெளிவா?
இருட்டறையில், முகவாயை இயந்திரத்தில் ஊன்றியபடி
பரீட்சைக்கு வந்த பிள்ளைகளாகத் திணறுகிறார்கள்.
"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்பார்கள்
குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

சனிக்கிழமை எனக்கும் ஸ்கைஸ்தேவுக்கும் ஓர் ஒப்பந்தம்:
இதுவரை வாயில் வைக்காத ஒன்றை
விழுங்கியே ஆக வேண்டும்.
புகையில் வாட்டிய பன்றிக்காதை நான் மென்றபோது
"என்ன கேக்குது?" என்றாள்.
"உன் காசு கரையற சத்தம்" என்றேன்.
ரயிலடி உஸ்பெக் கடையின் புலாவில்
முழுப் பூண்டு ஒன்று, தலையோடு;
யாருக்கு என்று சண்டை.
நத்தையைப் பொறுத்தவரை
வெண்ணெய் நன்றாக இருந்தது.

வெயில் எட்டிப்பார்த்த முதல் வாரம்
பீட்ரூட்டும் புளித்த மோரும் கலந்த குளிர்ந்த சூப்,
கொஞ்சமும் கூச்சமில்லாத இளஞ்சிவப்பு.
பக்கத்துத் தட்டில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு.
மதிய இடைவேளையில் அவசரமாகக் குடித்து
வெள்ளைக் கோட்டில் சிந்திக்கொண்டேன்.
அன்று வந்தவர்கள் எல்லாரும்
எழுத்துப் பலகையை விட்டுவிட்டு
அந்தக் கறையைப் பிசகில்லாமல் படித்தார்கள்.

ஒருவரைத் தவிர.
வைதோதாஸ், டிராலிபஸ் ஓட்டுநர்.
கடைசி வரிசையை அவர் படிக்கவில்லை,
கற்பனை செய்தார்.
அதற்கு மேல் வரிசையும் கற்பனைதான்.
"இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன், பொண்ணே.
தெருவுக்கு என்னைத் தெரியும்."
தெரு உங்களுக்குத் தெரிய வேண்டுமே
என்று சொல்ல வாயெடுத்து
எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.
காகிதத்தை நாலாக மடித்தார்.
நன்றி சொல்லவில்லை.

அன்றிரவு என் கைக்கு எதையாவது உடைக்க வேண்டியிருந்தது.
பிஸ்கட்டை உடைத்தேன்.
வெண்ணெய், கோகோ, ஒரு டின் கெட்டிப்பால்,
அடுப்பில் இளக்கி, நொறுங்கலைக் கொட்டிக் கிளறி,
தாளில் சுருட்டினால் கருத்த உருளை.
இதற்கு எங்கள் ஊரில் பெயர் 'சோம்பேறி'.
மாவு பிசைய வேண்டாம், பொங்குமா என்று ஏங்க வேண்டாம்,
நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் அது தூங்கும்,
நீ தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஆக்கப் பொறுத்தேன்.
ஆறத்தான் பொறுக்கவில்லை.
பதினொன்றரைக்கு, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபோட்டு,
அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நின்று
கத்தி வைத்தால், நசுங்குகிறது.
ஸ்பூனால் தின்றேன்.
டின்னில் ஒட்டியிருந்ததை விரலால்.

மூன்று வாரம் கழித்து, வேறோர் உருளை,
இந்த முறை விடியும்வரை விட்டுவைத்தது.
மூன்று துண்டு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு
மழையோடு டிராலிபஸ் ஏறினேன்.
கடைசி வரிசை காலி.
முதல் துண்டு பல்லுக்கிடையில் இருக்கும்போதே
ஒலிபெருக்கி கரகரத்தது:
"கடைசி வரிசை, ஜன்னலோரம், பச்சைத் தொப்பி.
வண்டிக்குள்ள சாப்பிடக் கூடாது."

முப்பது தலைகள் திரும்பின.
ஓட்டுநர் தலைக்கு மேல் நீளக் கண்ணாடி,
அதற்குள் இரண்டு வட்டக் கண்ணாடி,
நான் எழுதிக் கொடுத்த எண்கள்.
என் உதட்டோரத் துகளையும் பார்த்திருப்பார்.
மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
நாலு நிறுத்தம்.

முன்வாசல் வழியாக இறங்கப் போனேன்.
மிச்சம் இருந்த இரண்டையும் நீட்டினேன்.
"முதலாவதா, இரண்டாவதா?"

அவர் அவசரப்படவில்லை.
மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு
ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார்.
பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.
"இதுல பிஸ்கட் அதிகம்" என்று
இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

கதவு மூடியது. கம்பியில் ஒரு பொறி.
முதலாவதைத் தின்றபடி
மழைக்குள் நடந்தேன், வேலைக்கு,
ஆறு நிமிடம் தாமதமாக.