இரண்டுங்கெட்டான் வயது

விரிசல் அளக்கத்தான் என்னை அனுப்பினார்கள்.
கையில் ஒரு பித்தளை அளவி,
ஒரு டப்பா சாக்குக்கட்டி,
முடிவை முன்பே எழுதிவைத்த
பதினான்கு பக்கப் படிவம்.

மில்வாக்கி நகரின் நடுவே
தெருவிலிருந்து பதினோரு படி இறங்கினால் அந்தச் சதுக்கம்.
எழுபத்தொன்றில் கட்டியது.
பழசு என்று கும்பிட வயது போதாது,
புதுசு என்று பொறுத்துக்கொள்ள வயது மீறிவிட்டது.
தேவாலயங்களுக்குப் பலகை வைத்த நகரம்,
பீர் ஆலையின் புகைபோக்கிக்கும்
பலகை வைத்த நகரம்,
இங்கே வைத்திருந்தது ஒன்றே ஒன்று:
சறுக்கி விளையாடத் தடை.

சுவரில் கை வைத்தேன்.
சிமெண்ட் இருக்க வேண்டிய இடத்தில்
பைன் மரம்.
வார்ப்புக்கு அடித்த பலகையின் வரி வரியான ரேகை,
கணு,
ஓரிடத்தில் கோணலாய் அறைந்த ஆணியின் தலை.
பலகைகளை அன்றே பிரித்து
யாரோ அடுப்பில் வைத்திருப்பார்கள்.
மரம் எரிந்து
அதன் கைரேகை மட்டும் தங்கியிருக்கிறது.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
"மேற்பரப்பு: சொரசொரப்பு" என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் கௌ ஷியோங் வந்தாள்,
தடைசெய்யப்பட்ட சக்கரப்பலகையைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
நான் தேடிய விரிசலையெல்லாம்
அவள் முழங்கால் முன்பே படித்திருந்தது.
"அது இல்லை. அதற்கு அடுத்தது.
என் பல்லை வாங்கியது அதுதான்."
சிரித்துக் காட்டினாள்,
ஒரு பல் மட்டும்
மற்றவற்றைவிட வெள்ளை.

ஊற்று வறண்டு ஒன்பது வருடம்.
தொட்டியில் இலை, காப்பிக் கோப்பை,
ஒற்றைக் கையுறை.

கூட்டத்தில் ஒருவர் இதைப் பதுங்குகுழி என்றார்.
வெர்னெல் பெட்வே எழுந்தார்:
"தோல் பதனிடும் ஆலையை மூடிய வருஷம்
எதையும் விலைக்கு வாங்காமல்
நான் உட்கார முடிந்த ஒரே இடம்."
கைதட்டினார்கள்.
நானும் தட்டியிருப்பேன்,
சம்பளம் தருபவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

அப்புறம் சக்கர நாற்காலியை
ஒலிவாங்கி வரை உருட்டி வந்தார்
தோரா ஹோம்ப்ளாட்.
"முப்பது வருஷமாய் மேலே நின்று பார்க்கிறேன்.
பதினோரு படி.
எதைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள் என்னை?"

யாரிடமும் பதில் இல்லை.
இடிக்கச் சொன்னவர்கள்கூட
அந்தக் கேள்வியைத் தங்களுடையதாக்கிக்கொள்ள
வெட்கப்பட்டார்கள்.

மறுநாள் நகராட்சியின் நிலவறைக்குப் போனேன்.
நீலம் வெளுத்த வரைபடச் சுருள்கள்,
எலி தின்ற ஓரங்கள்.
மரங்களின் பக்கத்தில் பென்சில் குறிப்பு:
இலை சிறிதாய் இருக்கட்டும்,
நிழல் சல்லடையில் சலித்த மாதிரி விழட்டும்.
நாற்பது வருஷம் கழித்து நாம்
பட்டுப்போன மரங்களின் இடத்தில்
அகல இலை மேப்பிளை நட்டு
வடிகாலை அடைத்துக்கொண்டோம்.

அடுத்த தாளில்
தெற்குச் சுவரை அணைத்தபடி
ஒரு சாய்தளம்.
பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம்,
அறுபத்தாறடி நீளம்,
நடுவில் மூச்சு வாங்க ஒரு மேடை.
"குழந்தை வண்டிகளுக்கு" என்று சின்ன எழுத்து.
அதன் மேல் சிவப்புப் பென்சிலால்
குறுக்கே ஒரு கோடு.
பக்கத்தில் ஒரே சொல்: செலவு.

தோராவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
நெடுநேரம் பார்த்தார்.
"ஆக, கட்டின நாளிலிருந்தே
இது பாதிதான்" என்றார்.
மன்னித்துவிட்ட குரல் இல்லை அது.
பிறகு, மேடை இருந்த இடத்தில் விரலை வைத்து,
"இங்கே வெயில் எந்தப் பக்கம்?"

தெரியவில்லை என்றேன்.
அதை நான் அளக்கவில்லை.

வாக்கெடுப்பு ஜூனுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
படிவத்தில் பதினைந்தாம் பக்கம் என்று
ஒரு வெள்ளைத்தாளைச் சேர்த்துத் தைத்தேன்.
இன்று காலை
சாக்குக்கட்டியுடன் தெற்குச் சுவரோரம்
நிழல் நகர நகரக்
கோடு கிழித்துக்கொண்டிருக்கிறேன்.
கௌ மேல்படியில் நின்று
மணி சொல்கிறாள்.