அளந்து போட்டது

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
வூச்.
பெயரைப் படகென்று வைத்துவிட்டு
ஆறுகளைக் குழாய்க்குள் தள்ளி மூடிய ஊர்.
சாயப்பட்டறை கழித்துவிட்ட நிறத்தில்
ஒருநாள் நீலம், மறுநாள் சிவப்பென்று ஓடியவற்றை
மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடினார்கள்.
அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.
கடைசி ஆற்றை மூடியது நான்.

எழுபத்தெட்டு, மார்ச். வயது இருபத்தாறு.
நகராட்சிக் கட்டடப் பிரிவில் இளநிலை வடிவமைப்பாளர்.
ஓல்ஷின்கா என்று ஒரு சிற்றாறு,
எட்டிக் குதித்தால் அக்கரை.
அதன் மேலே மூன்று தளத்தில் கார் நிறுத்தும் கூடம்,
முந்நூற்று நாற்பது கார்களுக்கு.
அந்தப் பேட்டையில் அன்று
அதில் பாதி கார்கூட இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போடவேண்டும்.
அளந்தேன்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட்,
வரைபடம் எண் 214,
வலது கீழ் மூலையில் யாத்விகா ஸ்ட்ரோன்ஸ்கா,
முதலெழுத்தின் வாலைச் சுழித்துப் போட்ட கையெழுத்து.
அழகாக இருந்தது.
கூடமும்தான்.

தொண்ணூற்று நான்கு ஜூலையில்
முக்கால் மணி நேரம் மழை.
ஆறு கதவைத் தட்டவில்லை,
கழிவறை வழியாக வந்தது.
பல் மருத்துவர் வீட்டு நிலவறையில்
அவருடைய பழைய நாற்காலி
நோயாளி இல்லாமல் சுற்றிச்சுற்றி மிதந்தது.
நான் முழங்கால் தண்ணீரில் நின்று
என் கூடத்தின் அடித்தூணைப் பார்த்தேன்.
ஒரு விரிசல் இல்லை.
இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம்
காபி ஆறிப்போகும் கூட்டங்கள்.
மழையைக் குடிக்கும் தரை கேட்டேன், டிராம் பாதைக்குப் புல் கேட்டேன்,
தெற்குச் சுவருக்கு நிழல் கேட்டேன்.
பாதிக்கு மேல் கிடைக்கவில்லை.
கிடைத்ததற்கு விருது கொடுத்தார்கள்,
கண்ணாடியில் செய்த ஓர் இலை,
தூசு துடைக்கவே தனித் துணி வேண்டியிருக்கிறது.
ஆற்றைத் திறக்கலாம் என்றபோது
பின்வரிசையில் ஒருவர் எழுந்து
'கொசு வரும்' என்றார்.
வரும்தான். குறித்துக்கொண்டேன்.

கூடத்தை இடிக்க அனுமதிக் கோப்பு.
சட்டப்பிரிவு சில்வியா மூக்குக்கண்ணாடியை இறக்கி,
'மூல வடிவமைப்பாளரின் சம்மதம் வேண்டும்,
உயிரோடிருந்தால்' என்றாள்.
பேனா தேடினேன்.
விண்ணப்பதாரர் என்ற கோட்டில் ஒன்று,
ஆட்சேபணை இல்லை என்ற கோட்டில் ஒன்று.
வால் இப்போது சுழிவதில்லை.
விரல் மூட்டு.

மியெதெக்கைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.
கூடத்தின் படிக்கட்டுக்குக் கீழே
ஓர் ஆள் அகலக் கடையில்
முப்பத்தோரு வருடம் சாவி வெட்டியவர்.
'ஆற்றுக்குப் பூட்டுக் கிடையாதே' என்று மட்டும் சொன்னார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
தண்ணீர் தெரிகிற ஜன்னல்களுக்கு
ஒரே வருடத்தில் வாடகை நாற்பது விழுக்காடு ஏறியது.
எதிர்ச்சாரியில் அவருக்கு இடம் பேசி வைத்திருந்தேன்,
அந்த விலையில் அது சாவிக்கடை ஆகாது.
மண் எவ்வளவு, நீர் எவ்வளவு, வெப்பம் எத்தனை பாகை என்று
எல்லாம் கணக்கிட்டவள்
இதைப் போடவில்லை.

இப்போது டிராம் கடைசி நிறுத்தத்தில் இருக்கிறார்.
என்னிடம் இருக்கும் சாவிகளுக்கெல்லாம்
மறுசாவி வெட்டியாகிவிட்டது.
முழுக் காசும் வாங்கிக்கொள்கிறார்,
சில்லறையை எண்ணித் தருகிறார்.
அதற்காகவே போகிறேன் போலிருக்கிறது.

செப்டம்பரில் ஒரு மாலை ஓல்ஷின்காவுக்குப் போனேன்.
என் கூடத்தைத்தான் உடைத்துக் கரைக்கு அடுக்கியிருக்கிறார்கள்.
பள்ளிப்பையோடு ஒரு பையன்
எட்டிக் குதித்தான், ஒரு கால் நனைந்தது,
திட்டிக்கொண்டே போனான்.
கம்பி துருத்திய ஒரு துண்டின் மேல் உட்கார்ந்தேன்.
கைப்பையில் ஸ்கேல் எப்போதும் இருக்கும்.
தடிப்பை வைத்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டு.
ஒரு மில்லிமீட்டர் குறையவில்லை.

கொசு கடித்தது.