பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர்

எங்கள் வீட்டில் அது
உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும்.
உப்பைத் தேடுகிற நேரத்தைவிட
அதைத் தேடுகிற நேரம்தான் அதிகம்.

ஒரு சைக்கிள். இரண்டு பேர்.
காலை ஐந்தே காலுக்கு நான்,
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு.
சாயங்காலம் ஆறுக்குச் சகாயராஜ்,
பார்சல் ஷெட்டுக்கு.
அவர் ஐந்தடி பத்து.
நான் ஐந்தடி என்று சொல்லிக்கொள்வேன்.

காசிமேட்டில் வாசலில் விட்டால் காலையில் இருக்காது;
இருந்தாலும் செயின் துருப்பிடித்திருக்கும்.
அதனால் எங்கள் பாய்களின் கால்மாட்டில்
நான்காவது ஆளாக
அதுவும் உள்ளேதான் தூங்குகிறது.

விளக்கைப் போட்டால் இருவரும் விழிப்பார்கள்.
இருட்டிலேயே நட்டைத் தளர்த்துவேன்,
சீட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி இறக்குவேன்.
கிரீச் என்று ஒரு சத்தம்,
பூனை வாலை மிதித்த மாதிரி.
சகாயராஜ் புரண்டு படுப்பார்.
சுவரில் கைவைத்து ஏறி உட்கார்ந்து
குதிகாலைப் பெடலில் வைத்து அழுத்துவேன்:
கால் நீண்டு முட்டி நிமிர்ந்தால் சரி.
இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் உயரம் அதிகம்.
இதை யாரும் சொல்லித் தரவில்லை.
ஒரு மாசம் வலித்த முட்டி சொன்னது.

அப்புறம் அடையாளம் வைத்தோம்.
சீட்டுத் தண்டில் எனக்குச் சிவப்பு நெயில் பாலிஷ்.
அவருக்கு ஆக்சா பிளேடால் ஒரு வெட்டு.
அன்றைக்குத்தான் கவனித்தேன்:
குள்ளச்சியின் கோடு மேலே,
நெட்டையனின் கோடு கீழே.
ஆள் வளர வளரக்
கோடு இறங்கும்.
"பாத்தியா, உனக்குக் கீழதான் நான்"
என்றார் சகாயராஜ்.
பதினாறு வருஷத்தில்
அவர் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து,
சத்தம் தாங்காமல்
தண்டை முழுசாக வெளியே உருவினேன்.
வாசல் வெயிலில் பழைய நைட்டித் துணியால் துடைத்தால்,

என் சிவப்புக்கு மேலே ஒரு கீறல்.
அதை முன்பே பார்த்திருக்கிறேன், ஏதோ உரசல் என்று விட்டிருக்கிறேன்.
சிவப்புக்குக் கீழே, அரை விரலில் இன்னொன்று.
அதற்கும் கீழே, புதுசாய், வெள்ளையாய் மின்னுகிற மூன்றாவது.
மயிரிழை மாதிரி நேரான கோடுகள்.
ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனைதான்
அப்படிக் கீறும்.

ஜெனிபா ஒன்பதாவது படிக்கிறாள்.
பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வருவாள்.
சலவைக்கூடத்து நீராவியில் வெந்து வந்த நான்
அந்த நேரம் பிணம் மாதிரி தூங்குவேன்.
தூக்கத்தில் கிரீச் கேட்டிருக்கிறேன்.
சகாயராஜ் கிளம்புகிறார் என்று நினைத்திருக்கிறேன்.
மறுபடி ஒரு கிரீச்.
ஒரு மனுஷன் எத்தனை தரம் கிளம்புவான்
என்று யோசித்ததில்லை.

என் சிவப்புக்கே திரும்ப இறக்கி வைத்திருக்கிறாள்,
ஒவ்வொரு நாளும், பிசகாமல்.
ஸ்பானரை உப்புக்குப் பின்னால்.

எங்கே போகிறாள்?
பின்டயர் பட்டன்களின் இடுக்கில் மணல் இருந்தது.
இந்தப் பக்கம் மணலுக்கா பஞ்சம்?
மார்க்கெட் மணல், பாலத்து வேலை மணல்,
கடல் மணல்.
நகத்தால் கொஞ்சம் சுரண்டி எடுத்து
முகர்ந்து பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.
ரப்பர் வாசனைதான் வந்தது.

உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள்.
கண்ணாடியில் நெற்றி தெரிய
முன்னே குனிய வேண்டியிருந்தது அவளுக்கு.
அது என் உயரத்துக்கு மாட்டிய கண்ணாடி.
"இன்னாமா?" என்றாள்.
"ஒண்ணுமில்ல, கிரீஸ் எங்க?" என்றேன்.

கேட்டிருக்கலாம்.
கேட்டால் ஒரு பொய் சொல்வாள்,
அந்தப் பொய்யை நான் வளர்க்க வேண்டும்.
திட்டலாம், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.
சகாயராஜிடம் சொல்வதா என்று
இதை எழுதும் வரை முடிவாகவில்லை.

கிரீஸைத் தடவினேன்.
என் சிவப்பில் தொடங்கி,
அவளுடைய இரண்டு, மூன்று,
அவருடைய வெட்டு வரைக்கும்,
அதற்கும் கீழே.
தண்டின் அடியில்
இதற்கு மேல் உயர்த்தாதே என்று
கம்பெனிக்காரன் குத்தின கோடு ஒன்று உண்டு.
விரல் வைத்து அளந்தேன்.
அவளுடைய கடைசிக் கீறலிலிருந்து
அதற்கு இன்னும் ஐந்து விரல்.

தண்டைச் செருகி, நட்டை இறுக்கி,
ஒரு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.
சத்தமே இல்லை.
இனி எத்தனை மணிக்குக் கிளம்பினாலும்
என் தூக்கத்துக்குத் தெரியாது.