விளிம்பில் ஒரு சொல்

ஏல எண் இருநூற்றுப் பதினேழு.
விட்டம் நாற்பது மில்லிமீட்டர்.
முகப்பில் பேரரசனின் பக்கவாட்டு முகம்,
காது மடலில் சிறு தேய்வு.
நாடாவின் மேல் அவன் பெயரின் முதலெழுத்து.
அந்த ஓர் எழுத்து இருந்தால் அதிகாரி,
இல்லாவிட்டால் சிப்பாய்.

கிராஸ் நகர ஏலக்கூடத்தின் பின்னறையில்
உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
அட்டையில் எழுதுகிறாள் ரோஸ்விதா க்னாஸ்.
"மிக அரிது" என்றுகூட எழுதிவிட்டாள்.
விலை எழுதும் கட்டம் மட்டும் காலி.

நூறாண்டுக்கும் மேலாக
இது சிப்பாய்களின் பதக்கம்.
அதிகாரிக்கு வீரம் சம்பளத்தில் சேர்த்தி,
தனியாக எதற்கு என்றிருந்தார்கள்.
போரின் கடைசிக்கு முந்தைய வருடம்
மலைகள் தின்றது போதாமல் வாய் திறந்து கிடந்தபோது
அவர்களுக்கும் பயம் உண்டு என்று
அரசாங்கம் ஒருவழியாக ஒப்புக்கொண்டது.
ஒப்புக்கொண்டு, நிபந்தனை போட்டது:
ஏவிச் செய்த வீரம் செல்லாது,
தன் கையால் செய்திருக்க வேண்டும்.
கண்ணால் கண்டவன் சொல்ல வேண்டும்.

ஆக, லெப்டினன்ட் விக்டர் ஸாங்கெர்லுக்காக
அவருக்குச் சல்யூட் அடித்தவர்கள்
சாட்சிக் கூண்டில் ஏறினார்கள்.

கார்ப்பரல் அன்டே ருகாவினா சொன்னது:
"சுண்ணாம்புக்கல் மலை, ஐயா.
எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிட்டுக் கைவிரிக்கும்.
மெஷின்கன் கொதித்தது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.
எங்களுக்கும் வேண்டும், ஆனால்
முதல் பந்தி துப்பாக்கிக்கு.
ஆறு நேர் கீழே. போன இருவர் திரும்பவில்லை.
லெப்டினன்ட் யாரையும் அனுப்பவில்லை.
பதினோரு குடுவைகளைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்,
சத்தம் வராமலிருக்க
ஒவ்வொன்றுக்கும் எங்கள் காலுறையைப் போட்டார்.
இரண்டு முறை போய் வந்தார். துப்பாக்கி பேசியது."

ஹ்ரின் பெட்ரிஷினுக்கு எழுதத் தெரியாது.
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மூன்று சிலுவைக் குறி.
அவன் சொன்னதை மொழிபெயர்ப்பாளன் எழுதியிருக்கிறான்:
"மூன்றாம் முறையும் போனார்.
அந்தத் தண்ணீரைத் துப்பாக்கிக்கு ஊற்றவில்லை.
வயிறு கிழிந்து கிடந்த யோஷ்காவின் வாயில் ஊற்றினார்,
மிச்சத்தை அவன் முகத்தில்.
துப்பாக்கி சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.
யோஷ்கா எப்படியும் செத்துப்போனான்.
வீரம் என்று கேட்டீர்களே, நான் கண்டது அதுதான்."

இந்தப் பத்தியின் குறுக்கே
சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு.
ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.
பக்கத்தில் யாரோ: "இது பொருந்தாது."

இரண்டு முறைக்குத்தான் பதக்கம்.

அதுவும் நான்கு வருடம் கழித்து வந்தது,
ரொட்டிக் கடைக்கு மேல் ஒற்றை அறைக்கு,
தபாலில்.
உறைமேல் முத்திரையிலிருந்த நாடு
அதற்குள் எந்த வரைபடத்திலும் இல்லை.

அடுத்த தாள் ஓர் அடகு ரசீது.
ஜனவரி மாதம். காலை கேட்ட விலை
மாலையில் செல்லாத குளிர்காலம்.
ஸாங்கெர்ல் நிலக்கரிக்காகப் பதக்கத்தை எடுத்துப் போயிருக்கிறார்.
அடகுக்காரர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார்,
அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார்.
மஞ்சள் கோடு நுரைத்துப் பச்சையாகிக் காணாமல் போனது.
"வெண்கலம். மேலே முலாம். திருப்பித் தரப்பட்டது."
தங்கமெல்லாம் பீரங்கிக்குப் போய்விட்ட காலத்தில் அடித்தது;
விளிம்பிலேயே பொடி எழுத்தில் பொறித்திருந்தார்கள்:
அசல் அல்ல.

ஸாங்கெர்ல் சிரித்தாரா, தெரியவில்லை.
ரசீதில் சிரிப்புக்குக் கட்டம் கிடையாது.

தொலைபேசி. மிலானிலிருந்து ஒரு சேகரிப்பாளர்.
"தங்கமா?"
"இல்லை."
"விளிம்பில் அந்தச் சொல் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"அப்படியானால் அசல்தான்," என்கிறார் மகிழ்ச்சியாக,
"போலி செய்கிறவன் அதைப் பொறிக்க மாட்டான்."

ரோஸ்விதா ரிசீவரை வைக்கிறாள்.
விலையை எழுதுகிறாள். அழிக்கிறாள்.
விவரக் குறிப்புக்கு நாற்பது சொற்கள்தான் அனுமதி.
காது மடலின் தேய்வை எடுத்துவிடுகிறாள்,
விட்டத்தை எடுத்துவிடுகிறாள்,
அந்த இடத்தில்
மூன்றாம் முறையைப் பற்றி ஹ்ரின் சொன்னது.

அச்சகத்துக்குத் தனியாக ஒரு சீட்டு:
கோடும் இருக்கட்டும்.
சிவப்பிலேயே.