ஐஸ் வைக்கிறவள்

பிரயிலாவில், டான்யூப் கரையோரம்,
ஒருகாலத்தில் கோதுமை குவித்த கிடங்கில் நாடகம்.
ஹீட்டருக்குப் பணமில்லை என்பதை
'குளிரும் ஒரு பாத்திரம்' என்று
நோட்டீசில் அச்சடித்துவிட்டார் இயக்குநர் ஹொராட்சியு.

கோரைப்பல், கறுப்பு மேலங்கி, சவப்பெட்டி
எதுவும் கிடையாது.
பிரபுவுக்கு வசனமே ஒன்றுதான்,
வாசலில் நின்று கேட்பது:
"உள்ளே வரலாமா?"
மற்றவர்கள் பேசப் பேச
வாயிலிருந்து வெள்ளையாய்ப் புகை கிளம்பும்.
அவர் வாயிலிருந்து மட்டும் வராது.
செத்தவன் என்று காட்ட
அது போதும் என்றார் ஹொராட்சியு.

அதற்குத்தான் நான்.
பகலில் மீன் ஆலையில் பெட்டி அடுக்குகிறேன்,
மாலையில் தெர்மாஸ் நிறைய ஐஸ் கொண்டுவருகிறேன்.
மேடையேறுமுன் டோரு வாயைத் திறப்பார்
நற்கருணை வாங்குகிறவர் மாதிரி.
நாக்கில் ஒரு கட்டி, கன்னத்தில் ஒன்று.
வாய் குளிர்ந்தால் மூச்சு புகையாது.
இயக்குநருக்கு எல்லோரும் ஐஸ் வைக்கிறார்கள்,
பிரபுவுக்கு வைப்பது நான் ஒருத்திதான்.

"கெண்டை நாற்றம்" என்று முகம் சுளிப்பார்.
ஐம்பத்திரண்டு வயது, இடது கடைவாயில் சொத்தை.
பல் கூசி அவர் கண் கலங்கியதை
முதல் நாள் பார்த்த ஒரு நிருபர்
'நூற்றாண்டுகளின் தனிமை வழியும் விழிகள்' என்று எழுதினார்.
வெட்டி வைத்திருக்கிறேன்.

நான்காம் இரவு முப்பத்தொரு பேர்.
இலிங்காவின் பையனுக்குக் காய்ச்சல்,
இரண்டு இடத்தில் வசனம் தடுக்கி
கதவைத் திறக்கத் தாமதமாகிவிட்டது.
கழுத்தருகே டோரு குனிந்தபோது
கெட்டில் கொதிக்குமுன் முதலில் வருமே
அப்படி ஒரு சின்னப் புகை
அவள் காதைத் தொட்டுக் கலைந்தது.

யாரும் அலறவில்லை.
பின்வரிசைக் கம்பளித் தொப்பிக்காரர்
பக்கத்து ஆளிடம் சொன்னது
கிடங்கு முழுக்கக் கேட்டது:
"ஐயோ பாவம், உயிரோடுதான் இருக்கிறான்."

மூன்று இரவும் அந்த இடத்தில்
வெடவெடத்துக் காட்டியவள் இலிங்கா.
அன்று கழுத்தை எடுக்கவே இல்லை.
சூடாக இருந்திருக்கும்.
அந்தக் கட்டிடத்திலேயே சூடான இடம்
உள்ளங்கை அகலம், அது ஒன்றுதான்.

நாடகத்தையே கொன்றுவிட்டாய் என்று
ஹொராட்சியு கத்தினார்.
கத்தியதெல்லாம் புகையாகப் போயிற்று.
டோரு தேநீர்க் கோப்பையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு
மூச்சு விடவில்லை.
நானும்தான்.

நேற்று ஐந்தாம் இரவு.
தெர்மாஸ் நிறைய ஐஸ் இருந்தது, கேட்டால் காட்டலாம்.
நான் பொறுக்கி எடுத்தது
மீன் கண் அளவு ஒன்று.
டோரு அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வாயை மூடிக்கொண்டு
வாசலில் போய் நின்றார்.

அவர் கேட்டது வெள்ளையாக வந்தது.
கேட்டு முடிக்குமுன்பே
அந்தப்பக்கம்
தாழ்ப்பாள் நகரும் சத்தம்.