புதன் இரவு பதினொன்றே முக்கால்

வெள்ளவத்தையில், காலி வீதியில்,
மருந்துக்கடைக்கும் அடைவுகடைக்கும் மேலே
இரண்டாம் மாடியில்
நான் தூரம் விற்கிறேன்.
ஒரு முறையும் பறந்ததில்லை.
கட்டுநாயக்க வரை போயிருக்கிறேன், ஆட்களை ஏற்றிவிட,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

அம்பிகைபாகன் வந்தபோது மழை.
குடையை வாசலில் சாய்த்துவிட்டுக்
கடவுச்சீட்டை மேசையில் வைத்தார்.
மூன்றாம் முறையும் மறுத்துவிட்டார்களாம்.
காசு திரும்புமா என்று தேடினேன்;
அவர் ரிக்கற்றே எடுத்திருக்கவில்லை.

“போயிருந்தா, பிள்ளை,
எத்தினை மணிக்கு வீட்டாலை வெளிக்கிட்டிருக்கோணும்?”

சனிக்கிழமை நிரோஜாவுக்குத் தாலி.
ஸ்காபரோவில் ஒரு மண்டபம்,
காலை பத்து மணி முகூர்த்தம்.

வேறு வேலை கிடந்தது.
மாலைதீவுக்கு ஏழு பேர்,
சென்னைக்குச் சக்கர நாற்காலியோடு ஒருவர்.
ஆனாலும் தட்டினேன்.
கணினி விசா கேட்பதில்லை.

டோகாவுக்கு ஐந்து மணித்தியாலம்.
அங்கே ஒன்று நாற்பது,
முகம் கழுவவும் ஒரு தேத்தண்ணிக்கும் காணும்.
பிறகு பதினாலு மணித்தியாலம் ஒரே இருப்பு.
“கால் வீங்கும், இடைக்கிடை எழும்பி நடவுங்கோ” என்றேன்,
என்னை மறந்து.
எல்லாம் கூட்டினால்
பதினையாயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.
வியாழன் விடிய நாலு இருபதுக்கு ஏறினால்
வியாழன் பின்னேரம் மூன்றரைக்கு ரொறன்ரோ.

“அவ்வளவு கிட்டவோ?”
“இல்லை ஐயா. அங்கத்தைய மணிக்கூடு
ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு நிக்குது.”

மூன்று மணித்தியாலம் முந்தி நிற்கவேணும்,
ராத்திரியில் வீதி வெறுமை,
அப்படியென்றால் புதன் இரவு
பதினொன்றே முக்கால்.
பழைய ரிக்கற் உறையின் முதுகில் குறித்துக்கொண்டார்.
ஐந்துலாம்புச் சந்தி இரும்புக்கடையில்
முப்பது வருடம் கணக்கு எழுதிய கை.
ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு.

புதன் இரவு, கொட்டாஞ்சேனையில்,
மகனின் கொப்பிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன்.
பதினொன்றே முக்கால்.
இப்போது கதவைப் பூட்டிவிட்டு
ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்.

வியாழன் காலை ஒன்பது இருபது,
டோகா இறங்கும் நேரம்.
மாலைதீவு ஆட்கள்
ஜன்னலோரம் ஏழு இருக்கை கேட்டார்கள்.
எனக்கு இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

சனி இரவு ஏழரை.
வெள்ளவத்தையில் மின்சாரம் இருந்தது.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

திங்கள் திரும்ப வந்தார்.
வழித்த முகம், தூங்காத கண்.
பிளாஸ்டிக் பெட்டியில் பயற்றம் பணியாரம்,
கீழ்க் கடையில் வாங்கியது, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல்.

“வரேக்கை எவ்வளவு, பிள்ளை?”

வரும்போது கொஞ்சம் குறையும் என்றேன்.
காற்று பின்னால் நின்று தள்ளும்.
ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடிக்கலாம்.
ஆனால் நாள் ஒன்று
இடையில் எங்கேயோ காணாமற் போகும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் அதே உறையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்து
எழுத இடம் தேடிக்கொண்டிருந்தார்.