நாக்பூர் கூலர்

லாரியில் கட்டிக் கொண்டுவந்தான் தேசப்பன்,
நாக்பூரில் பழசாய் வாங்கிய கூலரை.
அங்கே ஒரு குடம் ஊற்றினால்
போர்வை கேட்குமாம் இரவு.

கொருக்குப்பேட்டையில் ஊற்றினோம்.
சுவர் வியர்த்தது. அப்பளம் நமுத்தது.
தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்தது.
"அந்த ஊரு காத்துக்குத் தாகம்.
நம்ம காத்து வரும்போதே குடிச்சிட்டு வருது"
என்றாள் மாடி வீட்டு ஜுபைதா,
சிரிக்காமல்.

அதன் தலையில் துணி மடித்து அடுக்கினேன்.

கத்திரி பிறந்த நாலாம் நாள்
மேற்கிலிருந்து வந்தது ஒரு காற்று,
தண்டவாளத்தை நக்கி, தார் மணந்து,
உதட்டைக் கிழித்துக்கொண்டு.
துணிகளை இறக்கினேன்.
மெட்ரோ வாட்டரில் கிடைத்தது ஆறு குடம்;
உலைக்கு, குளிக்க, கழுவ என்று
கணக்குப் போட்ட கையே
ஒரு குடத்தை அதன் வயிற்றில் கவிழ்த்தது.

வந்தது குளிர்,
ஈர வைக்கோல் வாசத்தோடு.
பிள்ளை தூங்கினான்,
கழுத்து வேர்க்குருவைச் சொறியாமல்.

இரண்டேகாலுக்கு ஜன்னல் துணி
உள்பக்கமாய் உப்பியது: கடல்.
சுவிட்சை அணைத்தேன்.
தொட்டியில் அரைக்குடம் மிச்சம்.
ராத்திரி அதில்தான்
பாத்திரம் தேய்த்தேன்.